வெள்ளக் கோட்டின் மேல் அடித்த பெயிண்ட்

எங்கள் தெருவுக்கு மழைநீர்க் கால்வாய் வருமா வராதா என்று பார்த்து முடிவு செய்ய வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்ற செய்தி, சித்திரை வெயிலில், குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. முதல் பதிலாக ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். அடுத்தவர், வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு நம் பொறுப்பா என்று கேட்டார். நான் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்கும்போதெல்லாம் 'வராதா' என்ற சொல் மட்டும் கண்ணில் பட்டது.

சிட்லபாக்கம் ஏரிக்கு மிக அருகில் இருக்கிறது எங்கள் தெரு. வீடு வாங்கும்போது இதை ஒரு வசதியாகச் சொன்னார்கள். காற்று வரும், கிணற்றில் தண்ணீர் வற்றாது என்றார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் இந்தச் செய்தி வருவதற்கு முந்தைய மழையில் ஏரி நிரம்பி, தண்ணீர் தெருவுக்கு வந்து, தெருவில் இடம் போதாமல் எங்கள் ஹாலுக்கு வந்தது. நாங்கள் தரைத்தளம். என் மகள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். தண்ணீரைக் கையால் அடித்துச் சிரித்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்குப் போனேன். தண்ணீர் என் முழங்காலைத் தாண்டி இருந்தது, நடுவில் எங்கோ சாக்கடை மூடி திறந்திருக்கிறது என்பது மட்டும் தெரியும், எங்கே என்று தெரியாது. ஒவ்வோர் அடியையும் காலால் தடவிப் பார்த்து வைத்தேன். அன்றைக்குப் பிறகு தூறல் விழுந்தால்கூட அவளைத் தரையில் படுக்க வைப்பதில்லை. இன்னொரு மழைக்கு இப்படி ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டு நாவலூர் பக்கம் நாலாவது மாடியில் வாடகைக்குப் போய்விடலாம் என்று நானும் கணவரும் பேசியிருந்தோம். அடுத்த மழைக்குள் கால்வாய் வந்தால் போக வேண்டாம். அவ்வளவுதான் எனக்குத் தேவை.

வெளிநாட்டுக்காரர்கள் ஏன் நம் தெருவுக்குக் கால்வாய் கட்ட வேண்டும் என்று என் மாமியார் கேட்டார். அதிகமாகப் புகை விட்டு வானத்தைச் சூடாக்கிய நாடுகள், அதனால் வெள்ளத்திலும் வெயிலிலும் மாட்டிக்கொள்ளும் நாடுகளுக்கு உதவ வேண்டும் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது, அதற்கென்று நிதி இருக்கிறது என்று என் கணவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் விளக்கினார். "அப்போ நல்லவங்கதான்" என்றார் மாமியார். கணவர் லேப்டாப்பில் தட்டத் தொடங்கினார்.

நிதி வந்தாலும் முதலில் ஓர் இடத்துக்குத்தான். இரண்டு இடங்களைப் பட்டியலில் வைத்திருந்தார்கள். ஒன்று நாங்கள். இன்னொன்று தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் இருக்கும் ஒரு குடியிருப்பு. ஷீட் போட்ட வீடுகள். யாருக்கு ஆபத்து அதிகம் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பார்களாம். நான் எழுதிய பரீட்சைகளில் எல்லாம் நல்ல மதிப்பெண் வாங்கியவள். இந்தப் பரீட்சையில் எதைச் செய்தால் தேறுவோம் என்று புரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

சங்கத் தலைவருக்கு அந்தக் குழப்பம் இல்லை. அவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியாட்கள் வருகிறார்கள் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். முட்செடிகளை வெட்டினார்கள். உடைந்த குழாய்த் துண்டுகளை அகற்றினார்கள். வாசலில் நிரந்தரமாகக் கிடந்த மணல் மூட்டைகளை மொட்டைமாடிக்கு ஏற்றச் சொன்னார். எல்லோருடைய காம்பவுண்டு சுவரிலும் பழைய வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு ஒன்று, தெரு முழுக்க ஒரே மட்டத்தில், யாரோ கயிறு பிடித்துப் போட்டதுபோல ஓடியது. எவ்வளவு தேய்த்தாலும் போகாத கோடு. அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தலைவர் குழுவில் கேட்டார். எல்லா வீட்டுக்காரர்களும் பெயிண்ட் அடிப்பது என்று முடிவாயிற்று.

அந்தக் கோட்டைப் பார்க்கத்தானே அவர்கள் வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. குழுவில் எழுதினேன். அனுப்புவதற்கு முன் அழித்தேன். மறுபடி கொஞ்சம் பணிவாக எழுதினேன். அதையும் அழித்தேன். பெரியவர்கள் முடிவு செய்த பிறகு தரைத்தள வீட்டுப் பெண் குறுக்கே பேசுவது சரியா என்று யோசித்தேன். கணவரிடம் சொன்னபோது, அவர்களிடம் சாட்டிலைட் படமெல்லாம் இருக்கும், சுவரைப் பார்த்தா முடிவு செய்வார்கள் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் சுவருக்கும் பெயிண்ட் அடித்தோம். க்ரீம் கலர் நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

வருகிறவர்கள் தெருவின் பெண்களோடு தனியாகப் பேச வேண்டும், மொழிபெயர்க்கவும் அந்தத் தெருப் பெண்ணே இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். குழந்தை பிறப்பதற்கு முன் நான் ஒரு கம்பெனியில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு போனில் பேசும் வேலையில் இருந்தேன். தலைவர் வீட்டுக்கே வந்து சொன்னார்.

"நீதாம்மா பேசணும். ஆனா நீயா எதுவும் பேசிடாத."

சரி அங்கிள் என்றேன்.

அவர்கள் வந்த அன்று தெருவின் இரு ஓரமும் பிளீச்சிங் பவுடர் வெள்ளைக் கோடாகப் போட்டிருந்தது. அரசு இன்ஜினியர் ஒருவர் கூட வந்து, அறிமுகம் செய்துவிட்டுத் தெருமுனையிலேயே நின்றுகொண்டார். வந்தவர்கள் இரண்டு பேர். குழுத்தலைவி உயரமான பெண்மணி, என் அம்மா வயது இருக்கும், வெயிலில் முகம் சிவந்திருந்தது. கூட ஓர் இளைஞர், கையில் அளவு டேப். தலைவர் இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார். அந்த வெயிலில் பொன்னாடையைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் அந்தப் பெண்மணி வெகுநேரம் போர்த்திக்கொண்டே நின்றார். கழற்றலாம் என்று சொல்ல நினைத்தேன். நானாக எதுவும் பேசக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது.

தலைவர் ஆங்கிலத்தில் வரவேற்புரை படித்தார். இது ஒரு முன்மாதிரி நகர், எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்புத் தொட்டி, குப்பையைப் பிரித்துத்தான் போடுகிறோம், பிள்ளைகள் பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், எந்தக் கஷ்டம் வந்தாலும் நாங்களே சமாளித்துக்கொள்வோம் என்றார். எல்லோரும் கைதட்டினோம். குழுத்தலைவி எழுதிக்கொண்டார். நானும் கைதட்டினேன், தட்டிக்கொண்டே அவர் எழுதுவதை எட்டிப் பார்த்தேன். எழுத்து புரியவில்லை.

டேப் வைத்திருந்த இளைஞர் எங்கள் தெருவின் பழைய புகைப்படம் ஒன்றைப் போனில் காட்டி, இந்தச் சுவர்களில் ஒரு கோடு இருந்ததே, அதை அளக்க வேண்டும் என்றார். நான் எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் கேட்டேன். தெரியாமல் இல்லை, நானாகப் பதில் சொல்லக் கூடாதே என்று. ஆன்ட்டி பெருமையாகச் சொன்னார், "அதெல்லாம் போன வாரமே அழிச்சாச்சுன்னு சொல்லும்மா. ரெண்டு கோட்டு அடிச்சிருக்கு." அப்படியே சொன்னேன். இளைஞர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பெண்கள் கூட்டம் தலைவர் வீட்டு போர்ட்டிகோவில். வாடகைக் கடையிலிருந்து உறை போட்ட நாற்காலிகள் வந்திருந்தன. போண்டா, கேசரி, காபி. எல்லோரும் பட்டுப்புடவை. ஆண்கள் இருக்கக் கூடாது என்பதால் தலைவர் எழுந்து உள்ளே போனார். போய், போர்ட்டிகோவைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்துகொண்டார். கடைசி வரை பக்கம் திருப்பும் சத்தம் கேட்கவில்லை.

வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று குழுத்தலைவி கேட்டார். எதிர்வீட்டு ஆன்ட்டிதான் முதலில் பேசினார். லேசாக வந்தது, வாசல் வரைக்கும் என்றார். அவர் மாடிக்கு நான் குழந்தையோடு ஏறிப் போன அன்று, கீழே அவர் சமையலறையில் ஃப்ரிட்ஜ் மல்லாந்து மிதந்துகொண்டிருந்ததை நானே பார்த்தேன். ஆனாலும் லேசாக, வாசல் வரைக்கும் என்றுதான் மொழிபெயர்த்தேன். ஒருவர் சொல்வதை மாற்றிச் சொல்வது தவறு இல்லையா. அடுத்து மூலை வீட்டு டீச்சர். கரன்ட் போனதுதான் கஷ்டம், மற்றபடி ஒன்றும் இல்லை என்றார். இன்னொருவர் இதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போனது என்றார். அப்படியானால் சீக்கிரமே மீண்டுவிட்டீர்களா என்று குழுத்தலைவி கேட்க, கடவுள் புண்ணியம் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அவர் போண்டாவைப் பாராட்டினார். நான் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, கால்வாய் ஒவ்வோர் அடியாகத் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

யாரும் பொய் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். வீட்டுக்கு வந்தவர்களிடம் எப்படி இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு நன்றாக இருக்கிறோம் என்றுதான் நாங்கள் பதில் சொல்வோம். காய்ச்சலில் படுத்திருந்தாலும் அதைத்தான் சொல்வோம். கேட்டவர் எழுதிக்கொள்கிறாரா இல்லையா என்று அப்போது பார்ப்பதில்லை.

கடைசியில் குழுத்தலைவி என்னைப் பார்த்து, நீங்கள் உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே, உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டார். கேள்வியை வழக்கம்போலத் தமிழில் எல்லோருக்கும் சொன்னேன். பதில் சொல்ல வேண்டியவள் நானே என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. பின்வரிசையில் என் மாமியார் இருந்தார். தண்ணீர் பூஜை அலமாரியைத் தொட்டதை மட்டும் வெளியே சொல்லாதே என்று காலையிலேயே சொல்லியிருந்தார். ஜன்னலில் செய்தித்தாள் சற்றுக் கீழே இறங்கியது.

கொஞ்சம் வந்தது என்றேன். சொல்லிவிட்டு, அது சரியான சொல்தானா என்று யோசித்தேன். இல்லை, கொஞ்சம் இல்லை என்றேன். ஹாலில் கட்டில் மட்டத்துக்கு வந்தது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சாக்கடை எங்கே திறந்திருக்கிறது என்று தெரியாத தெருவில் நடந்தேன், இப்போதும் மேகம் கறுத்தால் அவள் தூங்கும்போது நான் தூங்குவதில்லை என்று சொன்னேன். குரல் ஏன் அப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. போனில் வாடிக்கையாளர்கள் கத்தும்போதுகூடக் குரல் மாறாமல் பேசியவள் நான்.

ஜன்னலிலிருந்து தலைவரின் குரல் வந்தது. "ஏம்மா, வீட்டு விஷயத்தையெல்லாம் விருந்தாளிங்ககிட்டயா சொல்றது?"

அவர் என்ன சொல்கிறார் என்று குழுத்தலைவி கேட்டார். மொழிபெயர்ப்பது என் வேலை. வீட்டு விஷயங்களை விருந்தாளிகளிடம் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை என்று சொல்கிறார் என்றேன். அவர் பேனாவை மூடினார். யாரும் காபி குடிக்கவில்லை.

அப்போது என் மாமியார் எழுந்தார். எனக்காக எழுந்தார் என்று முதலில் நினைத்தேன். அவருடைய கவலை வேறு. இத்தனை பட்டுப்புடவைகளுக்கு நடுவே எங்கள் வீடு மட்டும் நனைந்த வீடாக நிற்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"எங்க வீட்ல மட்டுமா வந்துச்சு? எதிர்வீட்ல ஃப்ரிட்ஜே மிதந்துச்சு. அதச் சொல்லு."

எதிர்வீட்டு ஆன்ட்டி கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "என் ஃப்ரிட்ஜ் மிதந்தது ஊருக்கே தெரியட்டும், பரவால்ல. டீச்சர் வீட்ல செப்டிக் டேங்க் பொங்கி பெட்ரூம் வரைக்கும் வந்துச்சே, அது என்ன கரன்ட் போனதா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாக, வகுப்பில் பேசுவதுபோலச் சொன்னார். "என் வீட்ல வந்தது போகட்டும். இதே வீட்ல சாரும் மேடமும் ராத்திரி முழுக்க டைனிங் டேபிள் மேல உக்காந்திருந்தாங்க. காலையில என் வீட்டுக்காரர்தான் போய் மேடத்தத் தூக்கிட்டு வந்தார்."

ஜன்னலில் செய்தித்தாள் மேலே ஏறியது.

அதன் பிறகு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. தன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவர்கள் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொன்னதற்கு முடிவே இல்லை. யார் வீட்டில் மெத்தை எத்தனை நாள் வெயிலில் கிடந்தது, யார் மகளின் கல்யாணப் புடவை சாயம் போயிற்று, யாருடைய மாமனாருக்கு ஆக்சிஜன் சிலிண்டரை மொட்டைமாடி வழியாகக் கைமாற்றினார்கள் என்று எல்லாம் வந்தது. இளைஞர் டேப்பை மறுபடி வெளியே எடுத்தார். பெண்கள் எழுந்து தெருவுக்கு வந்தார்கள். ஒவ்வொருவரும் எதிர்வீட்டுச் சுவரிலோ பக்கத்து வீட்டுச் சுவரிலோ புதுப் பெயிண்டின் மேல் விரலை வைத்து, இதோ இங்கே என்றார்கள். தன் வீட்டுச் சுவரில் விரல் வைத்தவர் யாரும் இல்லை. இளைஞர் அளந்துகொண்டே போனார். உயரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன என்று பிறகு என்னிடம் சொன்னார், ஆச்சரியத்தோடு.

வழியனுப்பும்போது தலைவர் குழுத்தலைவியின் அருகில் போய்க் கொஞ்சநேரம் நின்றார். பிறகு ஆங்கிலத்தில், அந்த மேஜை தேக்கு, அதனால்தான் எங்கள் எடையைத் தாங்கியது என்றார். அவருடைய மனைவி உள்ளிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் அவர்கள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். கார் கதவருகே, இரண்டு இடத்துக்கும் சேர்த்துக் கொடுக்க முடியாதா என்று குழுத்தலைவியிடம் கேட்டேன். அது மொழிபெயர்ப்பு இல்லை, நானாகக் கேட்டது. முதலில் ஓர் இடம், நாடுகள் தருவதாகச் சொன்ன பணம் வந்தால் இன்னொன்று என்றார் அவர். வந்தால் என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். போகிற நாடுகளில் எல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள் என்றும் சொன்னார். பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஆனி மாதம் முடிவு வந்தது. முதலில் எங்கள் தெருதான். அந்தப் பக்கம் இரண்டாம் கட்டத்தில். குழுவில் கைதட்டும் படங்கள் நிறைந்தன. நானும் ஒன்று போட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, மகளைத் தூக்கிச் சுற்றினேன். சாயந்தரம் காய்கறி வாங்கத் தாம்பரம் போகிறபோது ரயிலிலிருந்து அந்தக் குடியிருப்பு தெரிந்தது. ஒரு பெண் வாசற்படிக்கு மேல் இன்னொரு வரிசை செங்கல் வைத்துக்கொண்டிருந்தார், இடுப்பில் குழந்தை. வெளிநாட்டுக்காரர்கள் கேட்ட கேள்விக்கு அந்தப் பெண் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. நம்முடைய கால்வாயா அது, அவர்களுடையதா என்று கணவரிடம் கேட்டேன். நாம் வேண்டாம் என்றால் அது அவர்களுக்குப் போய்விடுமா என்று அவர் திருப்பிக் கேட்டார். இரண்டாம் கட்டம் எப்போது என்று இன்ஜினியருக்கு மாதம் ஒருமுறை போன் செய்கிறேன். எனக்கும் அந்தப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் இதுவரை கேட்கவில்லை. இன்னும் பணம் வரவில்லை மேடம் என்று மட்டும் சொல்கிறார்.

கால்வாய் தோண்டினார்கள். மகள் அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடுவாள் என்று ஆடி, ஆவணி இரண்டு மாதமும் கேட்டைப் பூட்டியே வைத்தேன். பிறகு மூடி போட்டார்கள். மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தினம் மிதித்துப் பார்த்தேன்.

கார்த்திகையில் பெரிய மழை வந்தது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். காலையில் மகளைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு வாசலில் நின்றேன். தண்ணீர் தெருவை மூடியது, கேட்டுக்கு வந்தது, முதல் படியைத் தொட்டது. அங்கேயே நின்றது. கால்வாய்க்குள் கடகடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மத்தியானம் மழை ஓய்ந்தபோது படி வெளியே தெரிந்தது.

எதிர்வீட்டு ஆன்ட்டி குடையோடு வாசலில் நின்றார்.

"உங்க வீட்ல வந்துச்சா?"

"இல்ல ஆன்ட்டி. உங்க வீட்ல?"

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல."

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. அவரும் நான் சொன்னதை நம்பியிருக்க மாட்டார். தெருவில் இறங்கி, கணுக்கால் தண்ணீரில் அவர் வீட்டை நோக்கி நடந்தேன். அதே நேரம் அவரும் குடையை மடக்கிக்கொண்டு எங்கள் வீட்டை நோக்கி வந்தார். நடுத்தெருவில் ஒருவரையொருவர் தாண்டிப் போனோம். அவர் சமையலறையில் குனிந்து ஃப்ரிட்ஜின் கீழே கையை விட்டுப் பார்த்தேன். தூசி இருந்தது. ஈரம் இல்லை.

திரும்பி வந்தபோது ஆன்ட்டி எங்கள் ஹாலில், தரையை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மகள் கட்டிலிலிருந்து இறங்கி, வெறும் தரையில் கவிழ்ந்து படுத்துத் தூங்கிப்போயிருந்தாள். தூக்கிக் கட்டிலில் போடலாமா என்று ஆன்ட்டி சைகையில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.